அம்மாவின்ர 60 பங்கும் அண்ணாவின்ர காசும்

எங்கட மிளகாய்த்தூள் மில்லுக்கு இன்னொரு கிறைண்டர் எடுக்க லோன் கேட்டுப் போனதிலதான் இது தொடங்கினது. எல்லாம் நிரப்பிக் குடுத்தாப் பிறகு பாங்கில இருந்த தம்பி இன்னொரு தாளை நீட்டி, அக்கா இதில பெனிஃபிஷியல் ஓனர், அதான் கம்பனியின்ர உண்மையான உரிமைக்காரர், ஆரெண்டு எழுதித் தாங்கோ எண்டார். டிறெக்டர் பேரை எழுதினன், அது இல்லையாம். ஷெயார்ஹோல்டர் பேரை எழுதினன், அதுவும் காணாதாம், அவைக்குப் பின்னால ஆரும் இருக்கினமோ எண்டுதான் கேள்வியாம். பின்னால சுவர்தான் இருக்கு தம்பி எண்டு பகிடி விட்டுட்டு வந்திட்டன்.

வீட்ட வந்து யோசிச்சாத்தான் அது பகிடி இல்லை எண்டு விளங்கிச்சு.

கம்பனி பதிஞ்சது 2014 இல. யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரத் தொடங்கின வருசம், ஆனா நாங்கள் அதுக்கு முதலே நைட் பஸ்ஸில கொழும்புக்கு ரெண்டு தரம் போய் வந்திட்டம், விஜேவர்தன மாவத்தையில இருக்கிற சமாகம் மெதுரவில, அதான் கம்பனிப் பதிவாளர் கந்தோரில, பதிவுக்கான ஃபோம் 1, 18, 19 எல்லாம் கட்டாக் கொண்டு போய்க் குடுத்து. ஒரு சுப்பர்மார்க்கட்காரர் கம்பனி பில் இல்லாட்டி சாமான் எடுக்கமாட்டம் எண்டபடியால் வந்த வேலை. காசு அண்ணா கனடாவில இருந்து அனுப்பினது, கிட்டத்தட்ட 18 லட்சம், அம்மாவின்ர சேமிப்புக் கணக்குக்கு. அண்ணா சொன்னார் என்ர பேர் வேண்டாம் பிள்ளை, அம்மான்ர பேரில போடு எண்டு. அப்பிடியே 100 பங்கில 60 அம்மாவுக்கு, 30 எனக்கு, 10 இவருக்கு. இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது, 2007 கம்பனிச் சட்டத்தில ஒராளே தனியக் கம்பனி பதியலாம், பழைய 1982 சட்டத்திலதான் ரெண்டு பேர் எண்டாலும் வேணும், அது தெரிஞ்சிருந்தா நான் தனியப் பதிஞ்சு போட்டு அண்ணாவின்ர காசைக் கடனாக் காட்டியிருப்பன், இவ்வளவு அலைச்சலும் இல்லை.

எங்கட கம்பனிப் பதிவு வேலையள் பாக்கிற செக்ரட்டரி மிஸ்ஸுக்கு எடுத்துச் சொன்னன். அவ, நானே உங்களுக்கு எடுக்க இருந்தனான் எண்டா. 2025 இல 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்திட்டுதாம், ஓகஸ்டில சபாநாயகர் கையெழுத்து வைச்சதாம், இனிக் கம்பனியே தன்ர உண்மையான உரிமைக்காரர் ஆரெண்டு கண்டுபிடிச்சுப் பதிவேடு வைச்சுப் பதிவாளருக்கும் அறிவிக்கோணுமாம். அதைவிட ஆர் கையில வைச்சிருக்கினமோ அவைக்கே சொந்தம் எண்ட மாதிரியான பங்குப் பத்திரமும் இனி இல்லையாம். பாங்குகள் இதை 2016 இல வந்த விதிகளில இருந்தே கேட்டுக்கொண்டுதான் இருக்கினம், நாங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு டிறெக்டர் பேரை எழுதிக் குடுத்தது. 2017 இல நாடு, கள்ளக் காசு மாத்திறதைத் தடுக்கிறது காணாது எண்டு கண்காணிக்கிற நாடுகளின்ர சாம்பல் பட்டியலுக்குப் போய் 2019 இலதான் வெளியில வந்தது, திரும்ப அங்க போகக்கூடாது எண்ட பயத்திலதான் உந்தச் சட்டமெல்லாம் எண்டு மிஸ் சொன்னா. ஆரோ எங்கயோ கள்ளக் காசு மாத்தினதுக்கு எங்கட மிளகாய்த்தூள் மில் பதில் சொல்லுது.

பிறகு மிஸ் ஒரு கேள்வி கேட்டா. அண்ணாவைக் கேக்காம அம்மா கம்பனி விசயம் ஏதாவதுக்குக் கையெழுத்து வைப்பாவோ?

நான் உடன இல்லை எண்டிட்டன். யோசிக்காம வந்த பதில். போன முறை லொறி எடுக்கிறதுக்கே அண்ணா வட்ஸ்அப்பில வேண்டாம் எண்டு வொயிஸ் போட, அம்மா பேனையைக் கீழ வைச்சவ. அப்ப உரிமைக்காரர் கணக்கில அண்ணாவும் வருவார் எண்டு மிஸ் எழுதிப்போட்டா. பங்கு ஆற்ற பேரில இருக்கு எண்டது ஒண்டு, ஆர் ஓம் எண்டாத்தான் நடக்கும் எண்டது இன்னொண்டு, இவை கேக்கிறது ரெண்டாவதை.

இதுக்குள்ள இன்னொரு சில்லெடுப்பு, 2020 உம் 2021 உம் கொரோனா நேரம் வருடாந்த அறிக்கை, அதான் ஃபோம் 15, போடாமலே விட்டிருந்தம். அதையும் ஒன்லைனில போட்டுப் பிந்தின காசும் கட்டி முடிச்சாத்தான் மிச்ச வேலை. இப்ப கொழும்புக்குப் போகத் தேவையில்லை, ஈ-ஆர்ஓசி எண்ட பதிவாளரின்ர ஒன்லைன் முறை வந்து கனகாலம், வீட்டில இருந்தே ஸ்கான் பண்ணி ஏத்தலாம், கரண்ட் நிண்டால்தான் பிரச்சினை.

அண்ணாவோட கதைக்கிறதுதான் பெரிய பாடு. எங்களுக்குக் காலமை ஆறு மணி எண்டா அங்க முதல்நாள் இரவு எட்டரை, வேலையால வந்து சாப்பிடுற நேரம். விசயத்தைச் சொன்ன உடன, நான் அம்மாவுக்குக் குடுத்த காசு, எனக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு எழுதித் தாறன் எண்டார். நல்லது எண்டு மிஸ்ஸிட்டச் சொன்னன். அவ அதுக்கு, எழுதித் தாறது சரி, ஆனா அப்பிடி எண்டா இனி அவர் வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது, ஒருநாள் பங்கை வித்தா அந்தக் காசும் அம்மாவுக்குத்தான், பிறகு என்ர காசு எண்டு வரேலாது எண்டா. அதை அண்ணாவுக்குச் சொன்னன். லைனில கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

அப்ப என்ர பேரிலயே மாத்துவம் எண்டார். அதுவும் லேசில்லை. வெளிநாட்டில இருக்கிறவையின்ர முதலீடு எண்டா அதுக்கெண்டு இருக்கிற கணக்கால வரோணும், முந்தி எஸ்ஐஏ எண்டு சொன்னது, 2017 வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு ஐஐஏ எண்டு சொல்லுகினம். அம்மாவின்ர பாஸ்புக்குக்கு வந்த காசு அப்பிடி வந்த காசு இல்லை. பாஸ்புக்கில அந்த வரி இப்பவும் கிடக்கு, மை மங்கிப்போய். அதை முதலீடு எண்டு சொல்லி லாபத்தை வெளிய கொண்டு போக நிண்டா வேற கேள்விகள் வரும். ஆரும் சொந்தக்காரர் பிஸ்னசுக்குக் காசு அனுப்புறன் எண்டா முதலிலேயே கேளுங்கோ, அன்பளிப்போ கடனோ முதலோ எண்டு, ஒரு தாளிலயாவது எழுதி வையுங்கோ. கேட்டா முகம் சுழிப்பினம், பரவாயில்லை.

கடைசியா நடந்தது இதுதான். 60 பங்கும் அம்மாவின்ர பேரிலயே இருக்கட்டும், அதுக்குப் பின்னால இருக்கிறவர் எண்டு அண்ணாவின்ர பேரை உள்ளபடி காட்டுறது. கனடாவில என்ன காட்டோணும் எண்டதைத் தன்ர அக்கவுண்டனிட்டக் கேட்டுத் தானே பாக்கிறன் எண்டார். பாஸ்போட் கொப்பி அனுப்பினார், அதில பேர் தலைகீழ், இங்கத்தைய பிறப்புச் சான்றிதழில அப்பாவின்ர பேர் முன்னுக்கு, அங்க அது கடைசிக்குப் போய்க் குடும்பப் பேராப் போச்சு. பாங்கில இது ரெண்டு பேரோ ஒராளோ எண்டு கேட்டினம். ரெண்டும் ஒராள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு, பாஸ்போட் கொப்பியை அங்க ஒரு நொத்தாரிசிட்ட உறுதிப்படுத்தி எடுப்பிச்சு, அதுக்கே மூண்டு கிழமை.

கையெழுத்து வைக்கேக்க அம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு முழுக்க வாசிச்சா. தமிழில எழுதித் தந்திருந்தது மிஸ். வாசிச்சு முடிச்சு, அப்ப இது என்ர இல்லையோ பிள்ளை எண்டு கேட்டா. உங்கட பேரிலதான் இருக்கு அம்மா எண்டன். பேரிலதான் இருக்கு எண்டு திருப்பிச் சொல்லிப்போட்டுக் கையெழுத்தை வைச்சா. ஷெயார் சேட்டிபிக்கட்டைக் கொண்டுபோய்த் திரும்பச் சீலைக்குக் கீழ வைச்சு அலுமாரியைப் பூட்டினா. முந்தித் திறப்பு பூட்டிலதான் தொங்கும். இப்ப தாலிக்கொடியில கொழுவி வைச்சிருக்கிறா.

லோன் சரி வந்திட்டுது, கிறைண்டர் அடுத்த மாசம் வருமாம்.