ஒட்டு அத்திக் கன்றுகளை வெயிலுக்குப் பழக்கிய கதை

ஆடிக் கடைசியில் ஒட்டுக் கட்டிய சீமை அத்தி, புரட்டாசி பிறக்கும்போது கன்றுக்கு நாலைந்து இலை விட்டுவிட்டது. வேர்ச்செடி நம் நாட்டு அத்தி, மேலே பூனா, டயானா என்ற சீமை அத்தி ரகங்கள். எங்கள் தோட்டம் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மணல். இந்த மாதிரி மணலில் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் வேர்முடிச்சு நூற்புழு சீமை அத்தியைச் சும்மா விடாது. நாட்டு அத்தி வேர் அதைத் தாங்கும் என்றுதான் இந்த ஒட்டு வேலையே.

துளிர் விட்டதும் பார்த்தவர்கள் எல்லாரும் "எப்ப நடப்போறே?" என்றுதான் கேட்டார்கள். நடவு இருக்கட்டும், கன்றை முதலில் வெயிலில் நிற்க வைக்க வேண்டும். ஒட்டின் மேல் போர்த்திய பாலித்தீன் உறைக்குள்ளும் நிழல்வலைக்கு அடியிலும் விரிந்த இலை மெல்லியது. ஈரக் காற்றிலேயே வளர்ந்ததால் தண்ணீரைக் காக்கும் மெழுகுப் பூச்சும் அதில் குறைவு. நேராக வெயிலில் வைத்தால் நரம்புகளுக்கு நடுவே வெளுத்து, பிறகு பழுப்பாகிக் கருகும். கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. அந்தப் பழைய இலை வெயிலுக்கு ஓரளவுதான் மாறும். வெயிலிலேயே விரிகிற புது இலைதான் முழுசாகத் தாங்கும். அது வரும்வரை பழைய இலையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் நம் வேலை என்று நான் நினைக்கிறேன்.

உறையை ஒரேயடியாகக் கழற்றவில்லை. முதலில் உறையின் நுனியைக் கிள்ளி விட்டேன், பிறகு அடியைத் தளர்த்தினேன், முழுசாக எடுத்தது ஒரு சாயங்காலம். அதன்பின் கன்றுகளைக் கொட்டகையின் கிழக்குப் பக்கம் வைத்து, காலை 8 மணி வரை மட்டும் வெயில் காட்டினேன். இலை வாடாமல் நின்றால் அடுத்த சில நாளில் 9, அப்புறம் 10. பிற்பகல் வெயிலைக் கடைசிக்குத்தான் விட்டுவைத்தேன்.

நம்ம பக்கம் சுவர் நிழலை நம்ப முடியாது. ஆவணி நடுவாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துபோகிறது. புரட்டாசியிலும் உச்சிப் பொழுதில் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும். "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்பார்கள். அதனால் மேலே 50 சதவீத நிழல்வலையைப் பந்தல் மாதிரிக் கட்டி, காலையில் சுருட்டிவிட்டு வெயில் ஏறினதும் இழுத்துவிடும்படி வைத்தேன்.

பக்கத்துத் தோப்பில் தென்னை பார்க்கும் ஐயா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வெயிலுக்கு மறைச்சே சரி, கச்சானுக்கு என்ன கட்டுனே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயும் முன்னே கன்றுகள் வெளியே வந்துவிட்டன. அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து இலையில் அப்பும், இலைத் தண்ணீரையும் உறிஞ்சும். மேற்கிலும் தெற்கிலும் பனையோலைத் தட்டி கட்டினோம். காற்றை முழுசாக அடைக்காமல் ஓலை இடுக்கு வழியே கொஞ்சம் கசிய விட்டால்தான் தட்டி சாயாமல் நிற்கும். ஒட்டு முறியாமலிருக்க ஒவ்வொரு கன்றுக்கும் சவுக்குக் கம்பு ஊன்றி, ஒட்டுக்கு மேலேயும் கீழேயும் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினேன். விடியற்காலையில் நல்ல தண்ணீர் தெளித்து இலை உப்பைக் கழுவுவேன். சவர்த் தண்ணீரை வேருக்கே யோசித்துத்தான் விட வேண்டும், இலையில் படவே கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று, கறுப்பு நாற்றுப்பை. வெயில் படும் பக்கம் மண் சூடேறி வேர் வெந்துவிடும், மேலே இலையை எவ்வளவு காத்தாலும் பயனில்லை. பைகளைப் பாதிக்கு மேல் மணலில் புதைத்து, வெளியே தெரிந்த பக்கம் ஈரச் சாக்கு சுற்றினேன். வெயில் நேரே படும் தண்டுப் பக்கத்தில் நீர்த்த சுண்ணாம்பு தடவினேன்.

மதியம் இலை தொங்கினால் பதற வேண்டாம். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது கணக்கில்லை. விடிந்தும் தொங்கினால்தான் வெயிலை ஒரு படி குறைக்க வேண்டும். தொங்குகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.

வெளிச்சம் கூடக்கூட ஒட்டுக்குக் கீழே நாட்டு அத்தி பக்கத்துளிர் வேகமாகத் தள்ளும். அடையாளம் சுலபம்: அது மடல் இல்லாத முட்டை வடிவ இலை, சீமை அத்தியோ கைவிரல் விரித்தாற்போல் பிளந்தது. கீழ்த்துளிரை விட்டுவைத்தால் மேலே போகும் சத்தெல்லாம் அதற்கே. கிள்ளுகிற வேலையைச் சாயங்காலம் கையுறை போட்டுச் செய்யுங்கள். கிள்ளும்போது மேலே சீமை அத்தி இலை ஒடிந்து அதன் பால் தோலில் பட்டு வெயில் பட்டால் கொப்புளம் வரும்.

இப்போது நுனியில் வெயிலிலேயே விரிந்த இலைகள் வந்துவிட்டன. நிழல் இலையைவிடச் சிறியவை, தடித்தவை, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. மதியத்திலும் அவை தொங்குவதில்லை. பழைய இலை இரண்டு மஞ்சளாகி விழுந்ததைப் பற்றிக் கவலையில்லை. நிழல்வலையை எடுத்தாயிற்று, ஓலைத்தட்டி நிற்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால் நடவு தையில்தான். அதுவரை பைகளை மேட்டு மணலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.