எரித்துக் குடையும் படகு

சென்ற சனிக்கிழமை, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் ஊரிலுள்ள ‘பிளிமத் பட்டக்செட்’ அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேயர்களின் குடியிருப்பை அங்கே மீண்டும் கட்டியெழுப்பி, அக்கால உடையும் பேச்சும் கொண்ட மனிதர்களை நடமாட விட்டிருக்கிறார்கள்.

புல்வேய்ந்த வீடொன்றில், புகையில் நம் கண் கரிக்க, ஒரு பெண்மணி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். விமானத்தில் வந்தோம் என்று என் மகள் சொன்னதும், அப்படியொரு கப்பலைத் தாம் கேள்விப்பட்டதில்லையே என்று வியந்தார். முதல் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவருடைய கரண்டி நின்றது. வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாண்டவில்லை என்பதைப் படித்திருக்கிறேன். அடுப்படியில் நின்று கேட்பது வேறு.

ஆனால் என்னை அதிகம் நிறுத்திவைத்தது அருகிலிருந்த வாம்பனோவாக் மக்களின் வாழிடம்தான். அங்கிருந்த பூர்வகுடியினர் மான்தோல் உடுத்தியிருந்தாலும் வேடம் ஏற்பதில்லை. இன்றைய மனிதர்களாகவே நின்று ‘எங்கள் முன்னோர்’ என்று பேசுகிறார்கள். அதுவே முறை என்று எனக்குப் பட்டது. ஆங்கிலேயர் குடியேறிய இடம், சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் அழிந்த பட்டக்செட் என்னும் வாம்பனோவாக் மக்களுடைய ஊர். 1947-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அந்தப் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது 2020-இல்தான்.

ஒருவர் பெரிய மரத்தண்டின் நடுவே தீ மூட்டி, கரிந்த பகுதியைச் சுரண்டிச் சுரண்டிப் படகாக்கிக்கொண்டிருந்தார். மகள் அங்கிருந்து நகரவே மறுத்துவிட்டாள்.