அப்பா பெயரில் ஒரு லைசென்ஸ்

எம்.டி. அனஸ்தீசியா (மயக்க மருந்து மேற்படிப்பு) முடித்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். "பிரிட்டன்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வா, பிளாப் எழுத வேண்டாம்" என்று சீனியர் அக்கா ஒருத்தர் சொன்னார். வெளிநாட்டு டாக்டர்கள் அங்கே வேலை பார்க்க எழுதும் தேர்வுதான் பிளாப். அது இல்லாமல் போக ஒரு வழி, எம்.டி.ஐ. என்ற திட்டம். லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ் நமக்காக அந்த ஊர் மருத்துவ கவுன்சிலான ஜி.எம்.சி.யிடம் ஸ்பான்சராக நிற்கும்.

காலேஜ் என்றதும் மறுபடி ஹாஸ்டலா என்று அம்மா கேட்டார். அது மயக்க மருந்து டாக்டர்களின் அமைப்பு. 1948-ல் அறுவை சிகிச்சை டாக்டர்களின் ராயல் காலேஜுக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கி, பிறகு தனியாக வந்தது. பாடத்திட்டம், மயக்க மருந்து டாக்டர்கள் எழுதும் எஃப்.ஆர்.சி.ஏ. தேர்வு, சிகிச்சைத் தரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. லைசென்ஸ் தருவது ஜி.எம்.சி., வேலை தருவது ஆஸ்பத்திரி. இது புரியாமல் ஒரு மாதம் தப்பான இடத்துக்கே மெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 7, மொத்தத்தில் 7.5 கேட்டார்கள். ரைட்டிங்கில் 6.5. மறுபடி பணம் கட்டி எழுதினேன்.

அதையெல்லாம் விட என்னைப் படுத்தியது என் இனிஷியல்தான். எம்.பி.பி.எஸ். சான்றிதழில் பெயருக்கு முன்னால் வெறும் 'மு'. பாஸ்போர்ட்டில் அதே 'மு' விரிந்து முருகேசன் என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்கி எழுதினேன். பதிலுக்கு, "உங்கள் குடும்பப் பெயரைக் குறிப்பிடவும்" என்று வந்தது. கடைசியில் நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

2019-ல் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரம், இடது தொடை எலும்பு முறிந்த ஒரு பாட்டிக்கு நரம்பு பிளாக், அதாவது வலி தெரியாமல் இருக்க நரம்பருகே போடும் மரப்பு ஊசி. அல்ட்ராசவுண்டில் நரம்பு தெளிவாகத் தெரிந்தது, ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உதவியாளர் கையை நீட்டி மறித்தார். தப்பான பக்கம் குத்திவிடாமல் இருக்க, ஊசி தோலைத் தொடும் முன் ஒருமுறை நிற்க வேண்டும். 'ஸ்டாப் பிஃபோர் யூ பிளாக்' என்று பெயர். காலேஜும் அசோசியேஷன் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸும் பங்குபெறும் பாதுகாப்புக் குழு நாடு முழுக்கப் பரப்பிய பழக்கம். ஊரில் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் யாரும் என் கையை மறித்ததில்லை.

"டாக்டர் முருகேசன், எந்தப் பக்கம்?"

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பாட்டியின் தொடையில் மார்க்கர் அம்புக்குறியைக் காட்டி, "இடது" என்றேன்.