கார்னர்–கவர் ஜோடியை எடைபோடுவது: தடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஜூன் 14 வரை, தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரைக்கும், பொழுது சாய்ந்தால் ஏதாவது ஓர் ஊரில் மின்னொளி கபடி இருக்கும். இந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் புரோ கபடி ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, ஒரு தொழில்முறை அணியில் ஓரத்துக் கார்னர், உள்பக்கத்துக் கவர் இவர்களின் தற்காப்பு ஜோடியை எப்படி மதிப்பிடுவது என்று எழுதிக்கொண்டே போகிறோம். அணி தேர்வு செய்கிறவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள், கார்னரில் நிற்கும் தம்பிமார் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

பாடி வரும் ரெய்டரைப் பிடித்தால் கிடைக்கும் டேக்கிள் புள்ளியை மட்டும் வைத்து ஜோடியை எடைபோட முடியாது. அந்தப் புள்ளி பிடியைத் தொடங்கிய ஒருவர் கணக்கில் ஏறுகிறது. ரெய்டரின் இடுப்பைச் சுற்றி வளைத்து நடுக்கோட்டுக்குப் போகாமல் தடுத்த இரண்டாவது ஆளுக்கு, மிஞ்சிப்போனால் உதவிக் கணக்கில் ஒரு கோடு. ஜோடியைக் கண்டு பயந்து ரெய்டர் அந்தப் பக்கமே போகாமல் வெறுங்கையோடு திரும்பினால் எந்தக் கணக்கிலும் எதுவும் ஏறாது. நல்ல ஜோடியின் பாதி வேலை அந்த வெற்று ரெய்டுகளில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 18

‘ஜோடி’ என்றால் யாரும் யாரும் என்பதை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். ஏழு பேர் நிற்கும்போது இடது கார்னர், இடது இன், இடது கவர், நடுவில் ஒருவர், வலது கவர், வலது இன், வலது கார்னர் என்று வரிசை போகும். அப்போது கார்னருக்கும் கவருக்கும் நடுவே ‘இன்’ நிற்கிறார், பெரும்பாலும் அவர் ஒரு ரெய்டர். கார்னர் கைகோத்திருப்பது அவரோடுதான். ஆகவே ஆறு, ஏழு பேர் இருக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு கார்னர்களும் ஒருவருக்கொருவர் எப்படி அசைகிறார்கள் என்பதும், இரண்டு கவர்களும் சேர்ந்து எப்படி முட்டுகிறார்கள் என்பதும்.

நான்கு, ஐந்து பேர் என்று குறைந்த பிறகுதான் ஒரே பக்கத்துக் கார்னரும் கவரும் தோளோடு தோளாக நிற்பார்கள். மூன்று பேர் என்றால் கணக்கே வேறு, பிடிக்கு 2 புள்ளி தரும் சூப்பர் டேக்கிள் வந்துவிடும். இந்த மூன்று நிலையையும் ஒரே பட்டியலில் கலந்து விழுக்காடு போட்டால் வருகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆறு பேருக்குக் குறைந்தால், போனஸ் கோட்டைக் கால் தாண்டியதற்கான போனஸ் புள்ளியும் கிடையாது என்பதால் ரெய்டர் காலை நீட்டுகிற இடமும் மாறிவிடுகிறது.

ஏப்ரல் 23

குறிப்பேட்டில் ஒரு ரெய்டுக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: களத்தில் எத்தனை பேர், சாதாரண ரெய்டா, இரண்டு வெற்று ரெய்டுக்குப் பின் வரும் டூ ஆர் டையா, ரெய்டர் எந்தப் பக்கம் திரும்பினார், முதலில் கை வைத்தவர், என்ன பிடி (கணுக்கால், தொடை, இடுப்பு, முதுகுப்பக்கம், முட்டு, சங்கிலி), பிடி விழுந்த இடம் போனஸ் கோட்டுக்குப் பின்னாலா, போனஸ் கோட்டுக்கும் அதற்கு முன்னால் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் பாக் லைனுக்கும் நடுவிலா, பாக் லைனுக்கு முன்னாலா, இரண்டாவது ஆள் வந்து சேர்ந்த நேரம், அவர் வந்த திசை, முடிவு, எத்தனை பேர் வெளியே போனார்கள்.

நேரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நொடிக்கு 25 சட்டகம் ஓடும் காட்சியில் ஒரு சட்டகம் 0.04 நொடி. முதல் கை பட்டதிலிருந்து இரண்டாவது ஆளின் உடம்பு படுவதுவரை சட்டகம் சட்டகமாக நகர்த்தி எண்ணுங்கள். நாங்கள் வைத்திருக்கும் எல்லை 12 சட்டகம், அதாவது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டி வந்தால், பிடி நின்றாலும் ‘தாமதம்’ என்றே எழுதுகிறோம். அன்றைக்கு ரெய்டர் களைத்திருந்ததால் நின்றிருக்கும்.

ஒளிபரப்பில் சில ரெய்டின் தொடக்கம் தெரியாது. முந்தைய பிடியை மறுபடி காட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் பிறகு எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரிக்க வழியில்லை.

ஏப்ரல் 24

கட்டம் ஒன்று விட்டுப்போயிற்று: ரெய்டு முடியும்போது கடிகாரத்தில் மீதியிருந்த நொடி. 30 நொடியில் கடைசி ஐந்தில் ரெய்டர் கிளம்பும்போது ஜோடி எங்கே நிற்கிறது என்பது தனிப் பாடம்.

மே 2

ஒரு ஜோடி பத்துக்கு ஆறு பிடியில் வென்றால் நல்ல ஜோடி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

சாதாரண நிலையில் பிடி வென்றால் 1 புள்ளி. இரண்டு பேரும் கை வைத்துப் பிடி தோற்றால் ரெய்டருக்கு 2 புள்ளி, இரண்டு பேரும் வெளியே. எனவே ஜோடியாகப் பாயும் பிடி நட்டமில்லாமல் நிற்க மூன்றுக்கு இரண்டு, அதாவது 67 விழுக்காடு வெல்ல வேண்டும். கார்னர் மட்டும் காலைப் பிடித்து, கவர் தொடாமல் விலகிவிட்டால் தோல்விக்கு ஒரு புள்ளிதான் போகும். பாதிக்குப் பாதி வென்றாலே சமம். மூன்று பேர் விழுந்தால் 75 விழுக்காடு தேவை.

இதிலிருந்து கவரைப் பற்றி ஒரு முக்கியமான கேள்வி பிறக்கிறது. கார்னரின் பிடி நழுவுகிறது என்று தெரிந்த கணத்தில் கவர் கையை இழுத்துக்கொள்கிறாரா, இல்லை ஆசையில் விழுகிறாரா? விலகத் தெரிந்த கவர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று புள்ளியைக் காப்பாற்றுவார். அவருடைய பெயருக்கு எதிரே எதுவும் அச்சாகாது. நம் குறிப்பேட்டில் ‘விலகல்’ என்று கட்டாயம் எழுத வேண்டும்.

சூப்பர் டேக்கிளில் வென்றால் 2, இரண்டு பேர் தொடப்பட்டால் 2, ஆக 50 விழுக்காடு போதும். ஆனால் மூன்று பேரும் ஒரே பிடியில் விழுந்து எல்லோரும் அவுட் ஆனால், 3 தொடுபுள்ளியோடு ஆல் அவுட்டுக்கு 2 சேர்ந்து 5 போய்விடும். அப்போது 71 விழுக்காட்டுக்கு மேல் வெல்ல வேண்டும். மூன்று பேர் இருக்கும்போது இருவர் பிடித்து ஒருவர் தள்ளி நிற்க வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதற்குக் கணக்கும் துணை நிற்கிறது.

மே 3

டூ ஆர் டை ரெய்டைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதற்கு, படிக்கிறவர்கள் சிலர் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு வரும் மூன்றாவதில் ரெய்டர் புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவர் அவுட், தற்காக்கும் அணிக்கு 1 புள்ளி. பிடித்தாலும் 1 புள்ளிதான். ஒன்றுமே செய்யாமல் நின்றாலே கிடைக்கிற புள்ளிக்காக முன்னால் பாய்ந்து இரண்டு புள்ளியைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் சும்மா நின்று வாங்கிய புள்ளி எந்தத் தடுப்பாளர் பெயரிலும் ஏறாது. பெயருக்காகப் பாய்கிறவரையும் அணிக்காகப் பின்வாங்குகிறவரையும் பிரித்துக் காட்டும் இடம் இதைவிடத் தெளிவாக வேறு இல்லை.

ரெய்டர் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, உயிரைக் கொடுத்துப் பிடிக்க வேண்டியதுதான். அதுவரை கார்னர் கடைசிக் கோட்டுக்கு அருகே ஒதுங்கியும், கவர் ரெய்டரின் கைக்கு எட்டாத தூரத்திலும் நிற்க வேண்டும். கவனம்: தொடுதல் நடக்கும் முன், களத்தின் ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்தால் தடுப்பாளரே அவுட். பின்வாங்கும் அவசரத்தில் கார்னர்கள் இப்படித் தேவையில்லாமல் ஒரு புள்ளியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மே 11

பிடி விழும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? அளவுகளைப் பாருங்கள். ஆடவர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், ஒரு பக்கம் 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர், போனஸ் கோடு 4.75 மீட்டர், அதற்குப் பின்னால் 1.75 மீட்டர். ஐந்தேமுக்கால் அடி உயரமுள்ளவர் கையை நீட்டிக் குப்புற விழுந்தால் கால் நுனியிலிருந்து ஏறக்குறைய 2.2 மீட்டர் எட்டுவார். போனஸ் கோட்டில் கணுக்காலைப் பிடித்தால் அவர் இன்னும் 2.5 மீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பாக் லைனில் பிடித்தால் 1.5 மீட்டர்தான் மிச்சம். அதற்கும் முன்னால், நடுக்கோட்டிலிருந்து 2.2 மீட்டருக்குள் பிடித்தால் விழுந்த மாத்திரத்தில் விரல் கோட்டைத் தொட்டுவிடும். எவ்வளவு பலமான கார்னராக இருந்தாலும் அந்த இடத்தில் தனியாகக் காலைப் பிடிப்பது வீண். அங்கே கவரின் முட்டுதான் பேசும்.

இரண்டாவது ஆளின் திசையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜோடிகள் உடைவது இங்கேதான். கார்னர் காலைப் பிடித்ததும் கவர், ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் பக்கவாட்டாக நுழைந்து, தன் மார்பை அவர் இடுப்பில் வைத்து அடைக்க வேண்டும். பதற்றத்தில் பின்னாலிருந்து முதுகின் மேல் விழுந்தால் அந்த வேகமே ரெய்டரைக் கோட்டுப் பக்கம் தள்ளிக் கொடுக்கும். காலைப் பிடித்த கார்னரின் கையும் கழன்றுவிடும். தோற்ற பிடிகளை ஓடவிட்டுப் பாருங்கள்: ‘பிடி நழுவியது’ என்று வர்ணனையில் சொல்வதில் பல, பின்னாலிருந்து வந்த கவரால் நழுவியவை. கார்னர் மேல் பழி விழும்.

எதிர்ப் பக்கத்துக் கார்னரையும் மறக்க வேண்டாம். ரெய்டர் ஒரு மூலைக்குள் போனால் அந்தப் பக்கம் பின்வாங்க, மறுபக்கம் முன்னேறி, வரிசை முழுவதும் கதவு போலத் திரும்ப வேண்டும். முன்னேறிய கார்னர்தான் திரும்பும் பாதையை அடைக்கிறார். ரெய்டர் தொடாமல் திரும்பிய ரெய்டுகளில் அவர் எங்கே நின்றார் என்று குறியுங்கள். அவருக்குரிய மதிப்பை வேறெங்கும் பார்க்க முடியாது.

மே 20

கச்சான் காற்று வலுத்துவிட்டது, மாலை ஆட்டங்களை இரவுக்குத் தள்ளுகிறார்கள். இன்று பெயர் சொல்லியே பேசலாம்.

இரு கார்னர் ஜோடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இடப்பக்கம் சுரேந்தர் நாடாவும் வலப்பக்கம் மோஹித் சில்லாரும். யு மும்பாவில் சேர்ந்து ஆடி 2015-ல் கோப்பை வென்றார்கள், பிறகு பெங்களூரு புல்ஸ், அதன்பின் 2017-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் என்று அணி மாறியும் ஒன்றாகவே நின்றார்கள். இரண்டு பேரையும் பிரிக்காமல் எடுக்க அணிகள் விரும்பின என்றால், தனித்தனிப் புள்ளியைத் தாண்டிய ஒன்று அங்கே இருந்தது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

நம் தமிழ் தலைவாஸ் 2022-ல் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனதில் தற்காப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வலது கார்னர் சாகர், இடது கார்னர் சாஹில் குலியா, வலது கவரில் எம். அபிஷேக். அந்த சீசனில் வலப்பக்க ஜோடியை மட்டும் தனியே பார்க்க விரும்புகிறவர்கள் சாகர் பிடித்த பிடிகளை விட்டுவிட்டு, சாகர் பிடிக்காமல் நின்ற ரெய்டுகளைப் பாருங்கள்.

ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். 40 நிமிட ஆட்டத்தில் ஓர் அணி ஏறக்குறைய 40 ரெய்டைச் சந்திக்கும். ஜோடியில் இருவரும் களத்தில் இருப்பது சுமார் பாதி, அதில் அவர்கள் பக்கம் திரும்புவது இன்னும் பாதி என்று வைத்தால் மிஞ்சுவது பத்து. பத்தில் இரண்டு பிடி நழுவினால் 80 விழுக்காடு, நான்கு நழுவினால் 60. நேற்று சிறந்த ஜோடி, இன்று மோசமான ஜோடி என்று பேச வைப்பது இந்த இரண்டு பிடிதான். லீக் சுற்றில் 22 ஆட்டம் ஆடிய சீசன் என்றால் இருநூறு ரெய்டைத் தாண்டும். அப்போது பேசலாம்.

பிறகு சீசனில் அணி சந்தித்த எல்லா ரெய்டையும் நான்காகப் பிரியுங்கள்: இருவரும் இருந்தவை, கார்னர் மட்டும், கவர் மட்டும், இருவரும் இல்லாதவை. கவர் இல்லாதபோது கார்னரின் வெற்றி சரிந்து, கார்னர் இல்லாதபோது கவரின் வெற்றி சரியாமல் நின்றால், தூக்கிச் சுமப்பவர் யார் என்று தெரிந்துவிடும். ஏலத்தில் பெரிய தொகை பெரும்பாலும் கார்னருக்கே போகிறது.

மே 29

கடற்கரை ஊர்களில் ஆள் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணல் களத்தில் பார்த்ததை அப்படியே ‘மேட்’ என்கிற விரிப்புக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மணலில் ரெய்டரால் காலை ஊன்றி உந்த முடியாது; கணுக்காலைப் பிடித்த கார்னருக்கு அது பெரிய துணை. அதே மணல் கவருக்குப் பகை. முட்டுவதற்குப் பின்னங்காலால் தரையை உதைக்க வேண்டும், மணல் அந்த உதையை விழுங்கிவிடும். ஆகவே இங்கே கார்னர்கள் இருப்பதைவிடப் பெரியவர்களாகவும், கவர்கள் சிறியவர்களாகவும் தெரிவார்கள். மேட்டில் ஷூவின் பிடிப்பு கிடைத்ததும் இது தலைகீழாகும். ரெய்டர் பிடியோடு சேர்த்து உந்துவார், கவரின் முட்டு இடி மாதிரி இறங்கும்.

மணலில் கவரைப் பார்க்கும்போது முட்டின் பலத்தைப் பார்க்காமல், கிளம்பிய நேரத்தையும் நுழைந்த திசையையும் பாருங்கள். அவை தரை மாறினாலும் மாறாது. மேட்டில் பழகாத பையனை முதல் வாரத்திலேயே முழு வேகத்தில் முட்டவிடவும் வேண்டாம். ஷூ தரையைக் கவ்விக்கொண்டு, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் தசைநார் போய்விடும்.

ஜூன் 7

அவுட் ஆன வரிசையில்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். இதை ஜோடிக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. கார்னர் முதலிலும் கவர் நான்காவதாகவும் வெளியே போனால், கார்னர் வந்த பிறகு எதிரணியில் இன்னும் மூன்று பேர் அவுட் ஆனால்தான் கவர் வருவார். அதுவரை அந்தப் பக்கம் பழக்கமில்லாத ஆள். அடிக்கடி முன்னேறிப் பாய்ந்து அவுட் ஆகும் கார்னர், தன் புள்ளியோடு ஜோடி சேர்ந்து நிற்கும் நேரத்தையும் இழக்கிறார். ஒரு ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து நின்ற ரெய்டு எத்தனை என்பதையே தனி எண்ணாக எழுதிவைக்கிறோம். அந்த எண் குறைவாக இருக்கும் ஜோடியை, விழுக்காடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் ஜோடியாக வைக்கமாட்டோம்.

ஜூன் 12

படகுகளில் வலை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், நாளை மறுநாளோடு தடை முடிகிறது. பாதிப் பையன்கள் இனி வாரத்தில் சில நாள்தான் களத்துக்கு வருவார்கள்.

கடைசியாக எங்களிடம் ஒருவர் கேட்ட கேள்வி: மூன்று பேர் மிச்சம் என்றால் எந்த மூவரை விரும்புவது? இரண்டு கார்னரும் ஒரு கவரும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். எதிரில் வருகிற ரெய்டர் ஓடிக் கைதொடுகிறவராக இருந்தால் நாங்களும் அதையே சொல்வோம், அவர் கால் தரையில் நிற்கும் இடம் மூலைகளில்தான். ஆழமாக வராமல் பாக் லைனைத் தாண்டியதும் திரும்புகிற ரெய்டர் என்றால் ஒரு கார்னர், இரண்டு கவர். அவர் மூலைக்கே வரப்போவதில்லை, அங்கே ஒரு ஆளை நிறுத்துவது வீண். குறிப்பேட்டில் ரெய்டர் பெயருக்கு எதிரே அவர் திரும்பும் ஆழத்தையும் எழுதிவந்திருந்தால், இந்த முடிவை டைம் அவுட்டின் 30 நொடிக்குள் எடுக்கலாம்.