12.21 வோல்ட் என்று சாதித்த அடாப்டர்

ரவுட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. எனக்கு அடாப்டர் மேல்தான் சந்தேகம். வீட்டில் மல்டிமீட்டர் வைத்திருப்பவனுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம்தான்.

அடாப்டரின் முதுகில் 12 வோல்ட், 1 ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ் என்று இருந்தது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளைப் பின்னின் நடு ஓட்டைக்குள் நுழைத்து, கறுப்பை வெளிப்புறத்தில் ஒட்டிப் பிடித்தேன். இதற்கு மூன்று கை வேண்டும். மூன்றாவதுக்கு முழங்காலைப் பயன்படுத்திக்கொண்டேன். திரையில் 0.00. அடாப்டரின் பச்சை விளக்கோ 'டிக்... டிக்...' என்ற சத்தத்தோடு கண் சிமிட்டியது.

"செத்துப்போச்சு" என்று அறிவித்தேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில இருக்கே?"

இருந்தது. போன வாரம் கரண்ட் அளந்துவிட்டு மாற்றாமல் விட்டது. அந்த ஓட்டையில் செருகினால் மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பித் துண்டு. இவ்வளவு நேரமும் நான் அடாப்டரை ஷார்ட் செய்துகொண்டிருந்தேன். அது பாவம், உயிர் பிழைக்க அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது.

வயரை மாற்றினேன். -12.21. மைனஸா! இந்த முறை யாரையும் கேட்கவில்லை. பதற்றத்தில் முட்களை மாற்றிப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். ஆக அடாப்டர் நல்லது, ரவுட்டர்தான் போச்சு என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது, ரவுட்டரை இணைக்காமலே அளந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது யார்தான் தெம்பாக இருக்க மாட்டார்கள்?

ரவுட்டரின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அடாப்டர் பின்னைச் செருகும் ஜாக்கின் சால்டர் புள்ளிகளில் முட்களை வைத்தேன். ஆன் செய்ததும் 12.1. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய எரிய 11.6, 10.9. வைஃபை விளக்கு எரிந்ததுதான் தாமதம், 8.4! ரவுட்டர் அணைந்தது. ரவுட்டர் கரண்ட் இழுப்பது நின்றதும் மறுபடி 12.1, ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஆக, குற்றவாளி அடாப்டர்தான்; அதற்குள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் ஏதாவது உப்பியிருக்கும். பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் 230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் அடாப்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். அன்றைக்கு என் கைராசி இருந்த லட்சணத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழைய பெட்டியில் கிடந்த 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை, அதற்கும் நடுமுனை பாசிட்டிவ்தானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, செருகினேன். அதன் பிறகு ரவுட்டர் ஒருமுறைகூட அணையவில்லை.

மறுநாள் மீட்டரை எடுத்தால், 10 ஆம்பியர் ஓட்டையின் மேல் டேப் ஒட்டியிருந்தது.