தண்ணீரின் எடையால் மலையேறும் ரயில்

காசிமேட்டில் வளர்ந்த எனக்குக் கடற்கரை என்றால் தட்டையான நிலமும் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களும்தான். ஆகவே, இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கடலை ஒட்டிய செங்குத்துச் சரிவில் 1890 முதல் ஓடும் லின்டன்–லின்மவுத் ரயிலைப் பற்றிப் படித்தபோது வியந்துபோனேன்.

கப்பலில் லின்மவுத்துக்கு வந்த நிலக்கரியையும் சரக்கையும் குதிரைகள் சுமந்தே மேலுள்ள லின்டனுக்கு ஏற்றிய காலம் அது. பதிப்பாளர் ஜார்ஜ் நியூன்ஸ் பணம் தர, 862 அடி நீளப் பாதை உருவானது. ஏற்றம் ஏறத்தாழ 500 அடி.

இதற்கு எஞ்சின் கிடையாது. ஒரே கம்பிவடத்தில் பிணைத்த இரண்டு பெட்டிகளின் அடியிலும் 700 கேலன் கொள்ளும் தொட்டிகள் உள்ளன. மேற்கு லின் ஆற்றின் நீர் குழாய்வழி வந்து மேற்பெட்டியை நிரப்புகிறது. கீழ்ப்பெட்டி தன் நீரை வெளியேற்றுகிறது. கனம் கூடிய மேற்பெட்டி இறங்க, அதன் இழுப்பில் மற்றது ஏறுகிறது. பிரேக்கும் நீரழுத்தத்தால்தான் இயங்குகிறது. நம் பழனி மலையின் 'வின்ச்' ரயிலும் இதே இனம்தான் என்றாலும், அதை இழுப்பது மின்மோட்டார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இதைத் தாளில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எடைக்கு எடை நின்னுட்டா, மிச்சம் கொஞ்சம் தள்ளினாப் போதும்பா" என்றார். அந்தத் தாள் இப்போது அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.