பிரசவ பயமா? எதற்குப் பயம் என்று முதலில் எழுதிப் பாருங்கள்

ஏழாம் மாதம் தாண்டினால் பலருக்கும் தூக்கம் கெடுகிறது. வளைகாப்புக்கு வந்தவர்கள் வளையலோடு சேர்த்து ஆளுக்கொரு பிரசவக் கதையையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ‘ரெண்டு நாள் வலி’, ‘கொடி சுத்திருச்சு’, ‘கத்துனதுக்கு நர்ஸ் திட்டினாங்க’. அப்புறம் அதே வீடு ‘பயப்படாதே’ என்று சொல்லும். அந்தச் சொல்லால் யாருக்கும் பயம் போனதில்லை.

ஒரு நோட்டை எடுத்து, எதற்குப் பயம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலியா, தையலா, ஆபரேஷனா, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதா, லேபர் வார்டில் தனியாகக் கிடப்பதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. கொடி சுற்றலையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. பிராணவாயு கொடி வழியாகத்தான் போகிறது. பெரும்பாலும் தளர்வாகத்தான் சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவார்கள்.

வலிக்கு வருவோம். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அது விடாமல் வலிப்பதில்லை. நடு இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றி வரும், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். எல்லாம் சுமார் ஒரு நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் வலி, 45 நிமிடம் ஓய்வு. கடைசிக் கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைகூட வரும். அதுதான் மிகக் கடினம், ஆனால் மற்றக் கட்டங்களைவிடக் குறுகியது. கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்ன கணக்கு. அங்கிருந்து முழுதாகத் திறக்க, தலைச்சன் பிரசவத்தில் 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். ‘இன்னும் 3 செ.மீ.தான்’ என்று கேட்டு மனம் உடைந்துபோக வேண்டியதில்லை.

34-வது வாரத்திலிருந்து தினமும் ஒரு பயிற்சி செய்யலாம். ஒரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் அலாரம் வையுங்கள். இருபது நொடியில் கை எரியும், மணிக்கட்டில் தண்ணீர் வழியும். தோள் தானாக மேலே ஏறியிருக்கும், பல் கடித்திருக்கும். வலியின்போதும் உடம்பு இதையேதான் செய்கிறது. மறு கையில் மீண்டும் ஒரு முறை: நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வாயால் விடுங்கள். ஒவ்வொரு விடுமூச்சிலும் தோளை இறக்கி, தாடையைத் தளர்த்துங்கள். அதே ஐஸ், அதே நிமிடம், ஆனால் தாங்க முடிகிறது. பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். விரல் நுனி மரத்து, தலை சுற்றும். அப்போது விடுமூச்சை நீளமாக்கினாலே சரியாகிவிடும்.

சூட்டு வலிக்கும் பிரசவ வலிக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பாதி ராத்திரிகள் நிம்மதியாகக் கழியும். சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும்; தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து, படுத்தால் அடங்கும். நிஜ வலி நெருங்கி நெருங்கி வரும், நீளும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்புங்கள். இரண்டாவது பிரசவம் என்றாலோ ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டும். தமிழ்நாட்டில் 108.

லேபர் வார்டு பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. வலியைவிட, தனியாகத் திட்டு வாங்குவோமோ என்ற பயம் பலரை வாட்டுகிறது. எட்டாம் மாதத்தில் ஒரு தடவை அந்த வார்டைப் போய்ப் பாருங்கள். கூட ஒருவர் இருக்கலாமா, வலியின்போது நடக்க விடுவார்களா, முதுகில் போடும் வலி நிவாரண ஊசி உண்டா, அதற்கான மயக்க மருத்துவர் ராத்திரியிலும் இருப்பாரா, எல்லாருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டித் தையல் போடுவார்களா என்று கேளுங்கள். எல்லாருக்கும் வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. முதுகு ஊசியால் ஆயுசுக்கும் இடுப்பு வலி வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம்; அதனால்தான் கூடவே டிரிப் ஏற்றிக் கவனிக்கிறார்கள். துணைக்கு அம்மாதான் வர வேண்டும் என்பதில்லை. பதறாத ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முந்தைய பிரசவத்தில் பட்ட காயத்தால் வரும் பயம் வேறு வகை. கெட்ட கனவு, ஸ்கேனுக்குப் போகக்கூட நடுக்கம் என்று இருந்தால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போய், அன்று என்ன நடந்தது, இந்த முறை எதை மாற்றலாம் என்று மருத்துவரிடம் வரிவரியாகக் கேளுங்கள். உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: ‘உள்பரிசோதனைக்கு முன் சொல்லிவிட்டு, இவர் சரி என்ற பிறகே செய்யவும்.’